போகியிலிருந்து ஒரு வாரம்: ஒடுகத்தூர் பக்கம் குளிர் எப்படி இருக்கும், பயிருக்கு என்ன செய்யலாம்?

கேட்டவர் அணைக்கட்டு ஒன்றியத்து விவசாயி, ஒடுகத்தூரை ஒட்டிய ஊர். அவர் எழுதியதன் சுருக்கம்: ஒன்றரை ஏக்கர் சம்பா நெல் அறுவடைக்கு நிற்கிறது. நவரைக்கு (மார்கழி, தையில் தொடங்குகிற நெல் பட்டம்) நாற்று விட்டுப் பத்து நாள் ஆகிறது, நுனி மஞ்சளடிக்கிறது. மல்லாட்டை (நிலக்கடலை) போட நிலம் ஓட்டி வைத்தாயிற்று. கால் ஏக்கரில் முள்ளுக் கத்தரி காய்ப்பில் இருக்கிறது. வரப்போரம் உள்ள மாமரங்கள் பூவெடுத்திருக்கின்றன. மூன்று நாளாகக் காலைக் காற்று வடக்கிலிருந்து வருகிறது, வானம் பளிச்சென்று இருக்கிறது. "போகியிலிருந்து ஒரு வாரத்துக்குக் குளிர் கூடுமா குறையுமா? எதை முதலில் கவனிக்கணும்?"

நேரடியாகவே சொல்கிறேன். நீங்கள் சொல்கிற காற்றும் வானமும் இப்படியே இருந்தால் குளிர் இன்னும் சில நாளைக்குக் குறையாது. ஆனால் அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஊட்டியில் விழுகிற உறைபனி நம் சமவெளியில் கிடையாது, வெறும் குளிர் நம்ம பயிரைக் கொல்லாது. தை மாதத்தில் நமக்கு நட்டம் வருவது இரண்டு வழியில்: விடிந்து வெகுநேரம் ஆகியும் இலைமேல் காயாமல் நிற்கிற பனி ஈரம், இல்லையென்றால் அறுவடை நேரத்தில் எதிர்பாராமல் இறங்குகிற ஒரு மழை. அதனால் எத்தனை டிகிரி என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், இது வறண்ட குளிரா ஈரக் குளிரா என்று தினமும் காலையில் பாருங்கள். இந்த வாரத்து வேலை முழுக்க அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்கிற சமயத்தில் கடலிலிருந்து வருகிற கீழைக்காற்று வலுவிழக்கும். அந்த இடத்தில் ஆந்திரா, ராயலசீமை பக்கமிருந்து நிலக்காற்று இறங்கும். அது வறண்ட காற்று, மேகம் இருக்காது. மேகம் இல்லாத இரவில், பகலில் நிலம் வாங்கிய சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். ஜவ்வாது மலைமேல் காவலூரில் வானியல் ஆய்வகம் அமைந்ததே இந்தத் தெளிந்த இரவு வானத்துக்காகத்தான். அங்கே 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு எந்த இரவு நல்ல இரவோ, அந்த இரவில்தான் கீழே உங்கள் நாற்றங்கால் நடுங்குகிறது.

ஒடுகத்தூருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஜவ்வாது மலைச் சரிவில் இரவெல்லாம் குளிர்ந்த காற்று உத்திரகாவேரிப் பள்ளத்தாக்கு வழியாக உங்கள் ஊருக்குத்தான் இறங்குகிறது. அதனால் வேலூர் நகரத்துக்குச் சொல்கிற குறைந்தபட்ச வெப்பநிலையை உங்கள் வயலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜனவரியில் வேலூரின் சராசரி குறைந்தபட்சம் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். நகரத்தில் கட்டடமும் தார்ச்சாலையும் சூட்டைப் பிடித்து வைக்கும், உங்கள் பள்ளத்தில் அது கிடையாது. போதாததற்கு வானிலை நிலையத்து வெப்பமானி ஆள் இடுப்பு உயரத்துக்கும் சற்று மேலே, நிழற்கூண்டுக்குள் இருக்கிறது. தெளிவான, காற்றசையாத இரவில் தரையோடு ஒட்டிய காற்று அதைவிட இரண்டு மூன்று டிகிரி கீழே போவது சகஜம். அறிவிப்பில் 17 என்றால் நாற்று நிற்கிற உயரத்தில் 14 என்று வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

பழைய வட ஆற்காடு முழுக்க ஒரே குளிர் என்று நினைப்பதும் தவறு. திருப்பத்தூர் வேலூரைவிட நூற்றைம்பது மீட்டருக்கு மேல் உயரத்தில், கடலிலிருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. அங்கேயும் ஆலங்காயத்திலும் குளிர் அதிகம், ஆனால் பெரும்பாலும் வறண்ட குளிர். அரக்கோணம், சோளிங்கர் பக்கம் கடல் ஈரம் எட்டும். வெப்பநிலை அவ்வளவு இறங்காது, பனிமூட்டம் அடர்த்தியாக இருக்கும், நெல்லுக்கு நோய் பயமும் அங்கே கூடுதல். உங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில். காற்று வடக்கே நின்றால் ஆலங்காயம் போல நடந்துகொள்ளும், கிழக்கே திரும்பினால் அரக்கோணம் போல மாறிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காலை ஆறரைக்கு நெல் வரப்பில் நடந்து பாருங்கள். வேட்டி ஓரம், பேன்ட் கால் நனைந்து ஒட்டுகிறதா? கத்தரி இலையின் மேல்பக்கம் பனி முத்து முத்தாக நின்று, இலையைச் சாய்த்தால் வழிகிறதா? அப்படியென்றால் ஈரக் குளிர். கை விறைக்கிறது, உதடு வெடிக்கிறது, ஆனால் இலையைத் தொட்டால் லேசான ஈரம் மட்டும், எட்டு மணிக்குள் காய்ந்துவிடுகிறது என்றால் வறண்ட குளிர். வறண்ட குளிரில் பயிர் மெதுவாக வளரும், அவ்வளவுதான். ஈரக் குளிரில் இரவு ஒன்பது பத்து மணிக்கே இறங்குகிற பனி காலை எட்டு ஒன்பது வரை நிற்கும். இலை பத்து மணி நேரத்துக்கு மேல் நனைந்திருக்கிறது, இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கிறது என்றால் நெல் இலையையும் கதிரையும் கருக்குகிற குலைநோய்ப் பூசணத்துக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது.

இதில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிற ஒன்று உண்டு. ஓர் இரவில் குறைந்தபட்ச வெப்பநிலை 17-லிருந்து 20, 21-க்கு ஏறினால் "குளிர் விட்டுச்சு" என்று சந்தோஷப்படுகிறோம். தை முதல் வாரத்தில் அப்படித் திடீரென்று ஏறினால் நான் எச்சரிக்கையாகிவிடுவேன். கடல் ஈரம் உள்ளே வந்திருக்கிறது, மேகம் போர்த்தியிருக்கிறது என்று அதற்குப் பொருள். அதோடு காற்றும் கிழக்கே திரும்பியிருந்தால், அடுத்த ஓரிரு நாளில் தூறலோ மழையோ வர வாய்ப்பு உண்டு. பொங்கலுக்குப் பிறகு மழை வராது என்கிற நம்பிக்கையை 2021 ஜனவரி உடைத்துக் காட்டியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை ஜனவரி 19-ஆம் தேதிதான் விலகியது. மாநிலத்தின் பல இடங்களில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து, கதிரிலேயே முளைத்தது. ஒவ்வோர் ஆண்டும் அப்படி நடக்காது. ஆனால் காற்று திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

அறிவிப்பு வாசகங்களையும் சரியாகப் படிக்க வேண்டும். சென்னை வானிலை மையம் "ஓரிரு இடங்களில்" என்று சொன்னால், அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் மழை இருக்காது என்று கணக்கு. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கும் மேல். "லேசான மழை" என்பது 15.5 மில்லிமீட்டர் வரை போகும். கேட்க லேசாக இருந்தாலும் களத்தில் கொட்டிய நெல்லுக்கு அது லேசு இல்லை. ஏழு நாள் கணிப்பில் முதல் மூன்று நாளை நம்பி வேலை வையுங்கள், அதற்குப் பிந்தைய நாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளியில் வரும். இந்திய வானிலைத் துறையின் மேக்தூத் செயலியில் மாவட்டம் தேர்ந்தெடுத்தால் தமிழிலேயே படிக்கலாம். செல்போனோடு வருகிற வானிலைச் செயலி காட்டும் ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து அறுவடை மிஷினுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் நிலத்துக்கு வருகிறேன்.

முதல் கவனம் சம்பாவுக்கு. மற்ற எதற்கும் ஒரு வாரம் பொறுக்கலாம், முற்றிய நெல் பொறுக்காது. காற்று வடக்கே நிற்கிற இந்த நாள்கள்தான் உங்களுக்கு வாய்த்த வேளை. பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் மூன்று நாளும் மிஷின் கிடைப்பது கஷ்டம், ஆளும் வரமாட்டார்கள். ஆகவே கதிரில் பெரும்பங்கு பழுத்து மணி கெட்டிப்பட்டுவிட்டது என்றால் போகிக்கு முன்பே முடிக்கப் பாருங்கள், முடியாவிட்டால் காணும் பொங்கலுக்கு மறுநாளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். மிஷின்காரர் ஏழு மணிக்கே வந்து நின்றாலும் பனி காய்கிற வரை, எப்படியும் ஒன்பதரை பத்து மணி வரை, வயலில் இறக்க விடாதீர்கள். நனைந்த கதிர் சரியாக உதிராது, வைக்கோலோடு நெல்லும் வெளியே போகும். அள்ளின நெல்லும் ஈரமாக வரும்.

அந்த ஈரம்தான் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் உங்களைத் திருப்பி அனுப்பும். அங்கே 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. தை வெயில் காலையில் சாய்வாக விழும், பத்து மணி முதல் மூன்றரை வரைதான் காயவைக்கிற வெயில். நெல்லை மெல்லிசாகப் பரப்பி, மணிக்கொரு முறை காலால் கிளறி, நாலு மணிக்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். "ராத்திரி மழையா வரப்போகுது" என்று பரப்பியபடியே விட்டுவிட்டால் பகலெல்லாம் போக்கிய ஈரத்தில் ஒரு பங்கை இரவுப் பனியிலிருந்து நெல் திரும்ப வாங்கிக்கொள்ளும். சாலையில் காயப்போடுகிறவர்கள் அதிகாலைப் பனிமூட்டத்தையும் நினைக்க வேண்டும். நெல்லைச் சுற்றி வைத்த கல் வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது, ஓர் உயிர் போனால் திரும்பாது.

நாற்றங்கால் மஞ்சளடிப்பதைப் பார்த்து யூரியாவைக் கையில் எடுக்காதீர்கள். குளிர்ந்த சேற்றில் வேர் வேலை செய்யாது, போட்ட உரத்தை இழுக்காது. வெயில் ஏறிய பிறகு ஒரேயடியாக இழுத்து இலை தளதளவென்று ஆகும், அப்போது குலைநோய் வரும். இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது கிணற்றுத் தண்ணீர். நிலத்தடி நீரின் சூடு ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். மார்கழி விடியலில் மோட்டார் போட்டதும் குழாய் வாயில் ஆவி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெதுவெதுப்பை நாற்றுக்குக் கொடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நாற்றின் பாதி உயரம் மூழ்குகிற மாதிரி தண்ணீர் கட்டி, காலையில் வெயில் வந்ததும் வடித்துவிடுங்கள். மும்முனை மின்சாரம் சாயங்காலம் வராத ஊர் என்றால் மதியம் நிரப்பி மடையை நன்றாக அடைத்து வையுங்கள், அதுவும் பலன் கொடுக்கும். ஏரித் தண்ணீருக்கோ ஓடைத் தண்ணீருக்கோ இந்தச் சூடு கிடையாது.

காலையில் இன்னொரு சின்ன வேலை. நாற்றங்காலின் இரு பக்கமும் இரண்டு பேர் நின்று ஒரு கயிற்றை நாற்றின் நுனியில் படும்படி இழுத்துக்கொண்டே போனால் பனித்துளி எல்லாம் கொட்டிவிடும். இலை ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே காயும். நம் பெரியவர்கள் செய்த வேலைதான், ஒரு செலவும் இல்லை. வெயில் நன்றாக விழுந்து இரண்டு மூன்று நாள் ஆன பிறகும் மஞ்சள் போகாமல், இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி தெரிந்தால் அது துத்தநாகக் குறை. அரை சதவீத ஜிங்க் சல்பேட்டோடு ஒரு சதவீத யூரியா கலந்து தெளித்தால் தேறும். கோ 51 போன்ற குறுகிய வயது ரகம் என்றால் இருபது நாளில் பிடுங்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். இந்தக் குளிரில் ஒரு வாரம் கூடத்தான் எடுக்கும், நடவு ஆளுக்கு அதற்கேற்றபடி சொல்லி வையுங்கள்.

கத்தரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. இலவம்பாடி முள்ளுக் கத்தரி உங்கள் ஒன்றியத்துப் பயிர். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்து வேலூர் பேருக்கே பெருமை சேர்த்தது. பொங்கலுக்குக் கத்தரிக்காய் இல்லாத வீடு கிடையாது, அதனால் இந்த ஒரு வாரக் காய் உங்களுக்குப் பணம். குளிரில் காய் பருப்பது தாமதமாகும், பறிப்பு இடைவெளி ஒன்றிரண்டு நாள் நீளும். அவசரப்பட்டுப் பிஞ்சைப் பறிக்க வேண்டாம். வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு பறியுங்கள். பனி ஈரத்தோடு மூட்டை கட்டிய காய் சந்தைக்குப் போவதற்குள் புழுங்கிக் காம்படியில் கறுக்கும். மேகம் போட்ட நாள்களில் அசுவினி (சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சி) ஏறும், துளிரைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு போதும். எந்த மருந்தையும் காலை ஒன்பதரைக்கு முன் அடிக்காதீர்கள், பனித்துளியில் கரைந்து வழிந்து மண்ணுக்குப் போகும். சாயங்காலம் நாலரைக்கு மேலும் வேண்டாம், காய்வதற்குள் பனி இறங்கிவிடும்.

மாமரத்துக்கு இந்தக் குளிர் வரப்பிரசாதம். வறண்ட, குளிர்ந்த இரவுகள்தான் மாவைப் பூக்க வைக்கின்றன. குடியாத்தம், பேரணாம்பட்டு தோப்புக்காரர்கள் எல்லாம் இதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். தண்ணீர் பாய்ச்சாதீர்கள், பிஞ்சு பட்டாணி அளவு வருகிற வரை மரம் காயட்டும். ஈரக் குளிர் வந்தால் பூங்கொத்தில் வெள்ளை மாவு தூவிய மாதிரி சாம்பல் நோய் வரும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடிக்கலாம். பூ முழுக்க விரிந்திருக்கிற நாளில் பூச்சிமருந்து மட்டும் அடிக்கவே வேண்டாம். தேனீயும் ஈயும் செத்தால் காய் பிடிக்காது.

கரும்பு வைத்திருக்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லுங்கள், இந்த வறண்ட குளிரில் சர்க்கரைச் சத்து ஏறும், வெட்டுக்கு நல்ல காலம். மல்லிகை வைத்தவர்களுக்கு நேர் எதிர், மொட்டு சிறுத்து விளைச்சல் விழும். விலை ஏறுவதும் அதனால்தான். நாட்றம்பள்ளி, திருப்பத்தூர் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் இளம்புழு அறையை 27, 28 டிகிரியில் வைக்க வேண்டும். அதற்காகக் கரி அடுப்பை வைத்துக் கதவை முழுக்கச் சாத்தாதீர்கள், அந்தப் புகையில் வாசனை தெரியாத விஷம் இருக்கிறது. வீட்டுக்குள் தூங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

ஆடு மாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பனி காய்வதற்கு முன் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். குடற்புழுக் குஞ்சுகள் ஈரமான புல்லில்தான் நுனி வரை ஏறி நிற்கும். கன்றுக்குட்டிக்குக் கீழே வைக்கோல் கனமாகப் பரப்பி, வடக்குப் பக்கம் சாக்குத் தடுப்புக் கட்டினால் போதும்.

போகி அன்று ஒரு விஷயம். குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி, மேலே சூடான காற்று மூடி நிற்கிற இந்த நாள்களில் புகை மேலே போகாது. டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தினால் அது மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே உங்கள் ஊர் மேலேயே காலை ஒன்பது வரை நிற்கும். பனியும் புகையும் கலந்த அந்த நேரத்தில் பால் கேனைக் கட்டிக்கொண்டு பைக்கில் நெடுஞ்சாலைக்குப் போகிறவர்கள் முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரியவிட்டு மெதுவாகப் போக வேண்டும். வயலைச் சூடாக்க இரவில் வைக்கோல் கொளுத்துகிறவர்களும் உண்டு. அதில் வயல் சூடாகாது, மாட்டுத் தீனிதான் போகும்.

கடைசியாக மல்லாட்டை. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள், பனி தீரட்டும் என்று காத்திருந்தால் மல்லாட்டை விதைக்கிற மார்கழிப் பட்டமே போய்விடும். ஆனால் இந்த நாலைந்து நாள் பொறுக்கலாம். சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, காலை ஏழு மணிக்கு இரண்டு அங்குல ஆழத்தில் மண்ணில் சொருகிப் பாருங்கள். 18 டிகிரிக்குக் கீழே காட்டினால் விதைக்காதீர்கள். விதை மண்ணில் ஊறிக்கொண்டே கிடக்கும், ஏழெட்டு நாளில் வரவேண்டிய முளை பத்துப் பன்னிரண்டு நாள் எடுக்கும், அதற்குள் பூசணம் தின்னும். தொடர்ந்து இரண்டு மூன்று காலை 20-க்கு மேல் காட்டினால் துணிந்து போடலாம். விதைக்கு முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நிழலில் உலர்த்துங்கள். விதைப்புத் தண்ணீரை முன்னதாகவே பாய்ச்சி, மண் பதமாக வெதுவெதுப்பாக ஆன பிறகு, காலையில் இல்லாமல் மதியத்தில் விதைப்பு வையுங்கள். காற்று கிழக்கே திரும்பி மேகம் கூடினால் மட்டும் மழை கடக்கிற வரை நிறுத்தி வையுங்கள்.